நிலவுக்குள்ளிருந்து வந்த மணி

போயா இரவில் கண்டி ஏரிக்கரையில் நின்றால் நிலவின் கறைகள் துலக்கமாகத் தெரியும். முயல் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அந்தக் கறைகள் உறைந்துபோன எரிகுழம்பு. அவற்றில் ஒன்றின் தென்கிழக்கு ஓரத்தில் பிறந்தது இந்தக் கண்ணாடி மணி.

சுமார் 360 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலவின் அடியாழத்தில் உருகிய பாறை பிளவு வழியே மேலேறியது. ஏற ஏற அழுத்தம் குறைந்தது. சோடாப் போத்தலைத் திறந்ததுபோல, கரைந்திருந்த வாயு நுரைத்துக் குழம்பைச் சிதறடித்தது. தடுக்கக் காற்று இல்லை. ஈர்ப்போ பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. தீயூற்று ஓங்கி எழுந்தது. துளிகள் தரையைத் தொடுமுன்பே கண்ணாடியாகிவிட்டன. பெரும்பாலானவை தலைமயிரின் தடிமன்கூட இல்லாத உருண்டைகள். டைட்டேனியம் மிகுந்ததால் ஆரஞ்சு நிறம். மெல்ல ஆறியவை படிகமாகிக் கறுத்தன.

பிறகு அந்த மணிகளை எரிகுழம்பு மூடியது. நெடுங்காலம் கழித்து ஒரு விண்கல் மோதி, 110 மீட்டர் அகலப் பள்ளம் தோண்டி, மணிகளை வெளியே கொண்டுவந்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தன் காலடி கிளறிய சாம்பல் மண்ணுக்குள் ஆரஞ்சைக் கண்டார். நேரம் நெருக்கியது. அவரும் உடன் போன விண்வெளி வீரர் சேர்னனும் அவசரமாகத் தோண்டி, குழாய் ஒன்றையும் அடித்திறக்கி அள்ளிவந்தார்கள். அண்மையில் கிளம்பிய வாயுவால் துருவேறிய மண்ணோ என்ற ஐயத்தை ஆய்வுக்கூடம் தீர்த்தது: மணிகள் மிகப் பழையவை.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர் சிரில் பொன்னம்பெரும. அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவு மண்ணில் உயிரின் தடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. எண்பதுகளில் நம் ஹந்தானை வீதி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் இயக்குநராக இருந்தார். 1994இல் மறைந்தார்.

மணிகள் காத்திருந்தன. 2008இல் நிலவின் எரிமலைக் கண்ணாடிகளில் நீரின் தடம் தெரிந்தது. 2011இல் அந்த ஆரஞ்சு மண்ணிலேயே, படிகங்களுக்குள் சிறைப்பட்ட குழம்புத் துளிகளில், நம் கடலடி எரிமலைக் குழம்புக்கு நிகரான நீர் இருப்பது உறுதியானது.

பொன்னம்பெரும இதைக் கேட்டிருக்க வேண்டும். ஹந்தானை ஏற்றத்தில் நடக்கும்போதெல்லாம் அந்த ஆதங்கம் எனக்கு வரும்.