கிழங்கு வெந்த கப்பல் மணி

வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூரைத் தாண்டினால் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்; சற்றுத் தெற்கே காயல்பட்டினம். முத்துக்குளித்த இந்தக் கரையிலிருந்து கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை வரை கப்பல் வைத்து வணிகம் செய்தவர்கள் மரக்காயர்கள். கிழக்கே அச்சே, மலாக்கா வரை போய்வந்தவர்கள். அவர்களிடையே வழங்கும் பெயர் கொண்ட ஒருவர் தம் கப்பலுக்கு வெண்கல மணி வார்த்து, அதில் தமிழில் பொறிக்கச் செய்தார்: ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி.’ ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. தம் பெயரே போதும் என்று நினைத்திருப்பார்.

அந்த மணி அடுத்துத் தலைகாட்டியது நியூசிலாந்தின் வடபகுதியில், ஃபாங்கரெய் பக்கம். 1836 வாக்கில் அங்கே போன வில்லியம் கொலென்சோ, பூர்வகுடி மாவோரிகள் அதைப் பானையாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். விளிம்பு உடைந்து, ஒரு சாணுக்கும் குறைவான தலைப்பகுதிதான் மிஞ்சியிருந்தது. இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

கொலென்சோ ஒரு கிறித்தவ மிஷனின் அச்சுக்காரர். 1837இல் மாவோரி மொழிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். எழுத்தே பிழைப்பான அவருக்கு இந்த எழுத்து பிடிபடவில்லை. இத்தனைக்கும், புன்னைக்காயலில் வாழ்ந்த ஹென்றிக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் தமிழில் அச்சேறியிருந்தது!

தமிழ் தெரிந்தவர்கள் வாசித்த பிறகு ஊகங்கள் கிளம்பின. தமிழ்க் கப்பலே அங்கு போய் உடைந்தது என்றார்கள் சிலர். ஆளில்லாக் கப்பல் நீரோட்டத்தில் ஒதுங்கியது என்றார்கள் வேறு சிலர். ஐரோப்பியக் கப்பல் ஒன்று ஆசியத் துறையில் வாங்கிய பழம்பொருள் என்பது மூன்றாவது கட்சி. எழுத்தின் பழைய வடிவை வைத்து 500 ஆண்டு என்று சொன்னவர்களும் உண்டு. கைமாறிக் கைமாறிப் போனது என்பதே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. வெண்கலத்தை வேண்டாமென்பவர் எந்தத் துறைமுகத்திலும் இல்லை.

எல்லாக் கப்பல் மணிக்கும் இந்தக் கதியில்லை. 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே வீழ்ந்தது. அதன் மணி இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் உடைமை. வென்றவர்கள் பத்திரப்படுத்தினார்கள். முகையதீன் வக்குசின் மணியை அப்படிப் பாதுகாக்க எந்த அரசும் இல்லை. சோற்றுக்கு உதவியதால் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த மாவோரிக் குடும்பங்களுக்குத்தான் நாம் நன்றி சொல்லவேண்டும்.

கொலென்சோ எழுதிவைத்தபடி மணி அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சு அசலாக ஒரு படியேனும் வார்த்துக் காயல்பட்டினத்தில் வைக்கவேண்டும். அந்தப் பெயரைத் தங்கள் குடும்பக் கதைகளோடு ஒட்டிப்பார்க்கக்கூடியவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.