வடசென்னையில் கபோசி சார்கோமா: லானா-1 குறிப்பானின் முடிவை எவ்வளவு நம்பலாம்?

கபோசி சார்கோமாவை ஆய்வகத்தில் உறுதிசெய்ய இன்று பெரிதும் நம்பப்படுவது லானா-1 என்ற வைரஸ் புரதத்தைத் திசுவில் காட்டும் எதிர்ப்பொருள். பாடநூல்கள் இதை ஏறத்தாழ இறுதித் தீர்ப்பாகவே எழுதுகின்றன. அந்தத் தீர்ப்புக்கு எல்லா ஊர்களிலும் ஒரே எடை கிடையாது. நோய் அரிதாகவும் தோல் கருமையாகவும் இருக்கும் இடத்தில், ஒவ்வொரு ஆய்வகமும் தன் சொந்தத் திசுக்களில் சோதித்துப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1872-இல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்த இந்நோய், 1981-இல் அமெரிக்காவில் இளைஞர்களிடம் திரளாகத் தோன்றி எய்ட்ஸின் முதல் அடையாளங்களில் ஒன்றானது. அதற்குக் காரணமான ஹெர்பிஸ் வகை வைரஸை 1994-இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் இணையர் கண்டறிந்தனர். சென்னைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டி, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தென்பட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் நடந்ததுபோல எச்.ஐ.வி.யின் பின்னால் கபோசி சார்கோமா இங்கே அலையாக வரவில்லை. இந்திய மருத்துவ இதழ்களில் அது பெரும்பாலும் தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகவே பதிவாகியுள்ளது. நம் மக்களிடம் அந்த ஹெர்பிஸ் வைரஸ் குறைவாகப் பரவியிருப்பதே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

அரிதாக இருப்பது நல்ல செய்திதான். ஆய்வகத்துக்கோ அது ஒரு சிக்கல். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சந்தேகத்துக்குரிய 1,000 தோல் திசுக்களில் 5 மட்டுமே உண்மையான கபோசி சார்கோமா என்று கொள்வோம். நோயில்லாத திசுக்களில் 100-க்கு 2-ஐத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும் சோதனை, 20 பேருக்குப் பொய் முடிவு தரும். உண்மையான ஐவரையும் தவறாமல் பிடித்தாலும், ‘உண்டு’ என்று வந்த 25 முடிவுகளில் 20 பொய்யே. இதே சோதனை, நோய் பரவலாக உள்ள ஆப்பிரிக்க நகரமான கம்பாலாவில் மிகவும் நம்பகமாக இருக்கும். வடசென்னையின் ராயபுரத்தில் அப்படி இராது.

பொய் முடிவு எங்கிருந்து வரும்? முதலில், வடசென்னை நோயாளியின் காலைப் பார்க்க வேண்டும். முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி வாழ்பவர்களில் காசிமேட்டு மீனவர்கள், துறைமுகச் சுமைதூக்கிகள், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை செய்பவர்கள் பலர். நெடுநேரம் நிற்பவர்களுக்குச் சுருள்நரம்பு (வெரிகோஸ் வெயின்) வரும் வாய்ப்பு கூடுதல். அது முற்றினால் கணுக்காலுக்கு மேலே கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த தடிப்புகள் வரலாம். வெளித்தோற்றத்தில் மட்டுமல்ல, நுண்ணோக்கியிலும் அவை கபோசி சார்கோமாவைப்போல இருக்கும்: பெருகிய நுண்குழாய்கள், சிந்திய சிவப்பணுக்கள், படிந்த இரும்பு. ஹிஸ்டாய்டு தொழுநோயின் முடிச்சுகளிலும் கபோசியைப்போலக் கதிர்வடிவச் செல்கள் கற்றைகளாகக் கிடக்கும். பார்ட்டொனெல்லா பாக்டீரியா உண்டாக்கும் ரத்தக்குழாய்க் கட்டிகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதே வேடம் போடக்கூடியவை. முதலாவதற்குத் தேவை அழுத்தக்கட்டு, அடுத்ததற்குக் கூட்டு மருந்து, மூன்றாவதற்கு எரித்ரோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின். இந்நோயாளிகளில் ஒருவருக்குத் தவறாகக் கபோசி என்று எழுதிவிட்டால், தேவையற்ற கீமோதெரபியும், எச்.ஐ.வி. இல்லாதவர்மீதுகூட அந்தச் சந்தேகமும் வந்து விழும். ஒரு தொழிலாளியின் குடும்பத்தில் அந்தச் சந்தேகம் என்ன செய்யும் என்பதை மருத்துவ உலகம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

சிடி31, சிடி34, டி2-40 போன்ற குறிப்பான்கள் இங்கே பாதி வழிதான் வரும். செல் ரத்தக்குழாய் அல்லது நிணக்குழாய் உள்வரி வகையைச் சேர்ந்தது என்று அவை சொல்லும். அது வைரஸால் வந்த கட்டியா என்று சொல்லாது. லானா-1 அதைச் சொல்லும். அந்த ஹெர்பிஸ் வைரஸின் வட்ட டி.என்.ஏ.வை நம் குரோமோசோமோடு கட்டிவைக்கும் புரதம் அது. ஆகவே எதிர்ப்பொருள் படும்போது கதிர்வடிவச் செல்லின் உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாக நிறம் தெரியும்.

அந்த நிறம் எது என்பதில்தான் நம் சிக்கலின் மையம் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் டி.ஏ.பி. சாயம் பழுப்பு. பழைய ரத்தக்கசிவில் படியும் ஹீமோசிடரின் என்ற இரும்புத் துகளும் பழுப்பு. நம் தோலின் மெலனினும், அதை விழுங்கிய மேக்ரோஃபேஜ்களும் பழுப்பு. கபோசியிலும் சரி, சுருள்நரம்புத் தடிப்பிலும் சரி, ஹீமோசிடரின் நிறைந்திருக்கும். வெள்ளைத் தோலில் தெளிவாகப் படிக்கக்கூடிய ஸ்லைடு, எண்ணூர்த் தொழிலாளியின் தோலில் கலங்கலாகும். உட்கருவுக்குள் உள்ள சீரான புள்ளிக்கும் சைட்டோபிளாசத்தில் கிடக்கும் ஒழுங்கற்ற துகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்ந்த கண் பிரித்தறியும் என்பது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு ஒன்றுகூடப் பார்க்க வாய்க்காத நோயில் கண் எப்படித் தேரும்? ஆகவே சிவப்பு நிறம் தரும் சாயத்தை இங்கே முதல் தேர்வாக்க வேண்டும். பக்கத்து வெட்டில் பெர்ல்ஸ் சாயமிட்டு இரும்பை நீலமாக்கிக் காட்ட வேண்டும். இரண்டும் எளிய வேலைகள்.

பி.சி.ஆர். இருக்க இந்தப் பாடு எதற்கு என்று சிலர் கேட்பர். பி.சி.ஆர். திசுவில் வைரஸ் உண்டு என்று மட்டுமே சொல்லும். தொற்றுள்ளவரின் ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களிலும் அந்த வைரஸ் இருக்கலாம். எந்தச் செல்லின் உட்கருவில் இருக்கிறது என்பதே கேள்வி. அதற்குத் திசுவில் இடம் காட்டும் குறிப்பானால்தான் விடை தர முடியும்.

‘இல்லை’ என்ற முடிவும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. தொடக்கநிலைத் தோல்புண்ணில் லானா உள்ள செல்கள் மிகச் சிலவே இருக்கும். நாள்கணக்கில் ஃபார்மலினில் ஊறிய திசுவில் புரதம் இறுகி எதிர்ப்பொருளுக்கு எட்டாமல் போகலாம். சாயம் வேலை செய்தது என்று நிறுவ, வைரஸ் உள்ள ஒரு கட்டுப்பாட்டுத் திசுவை உடன் சாயமிட வேண்டும். நோயே அரிதான ஊரில் அந்தத் திசு எங்கே கிடைக்கும்? வைரஸைத் தாங்கி வளரும் பி.சி.பி.எல்.-1 போன்ற லிம்ஃபோமா செல்வரிசைகளைப் பாரஃபின் கட்டியாக்கிப் பயன்படுத்தலாம். அதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வளர்க்கத் தேவையில்லை. சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறைகள் சேர்ந்து ஒரே இடத்தில் அந்தக் கட்டிகளைத் தயாரித்துப் பகிர வேண்டும்; உறுதியான ஒவ்வொரு கபோசித் திசுவையும், அதைப்போல ஏமாற்றிய ஒவ்வொரு திசுவையும் பொதுத் தொகுப்பில் சேர்த்துப் பயிற்சிக்குத் தர வேண்டும். மாநில அரசு இதற்கான செலவை ஏற்க வேண்டும். அதுவரை, சிவப்புச் சாயமும் பெர்ல்ஸும் கட்டுப்பாட்டுத் திசுவும் இன்றி வரும் லானா-1 முடிவை நோயாளியின் அறிக்கையில் உறுதியான தீர்ப்பாக எழுதலாகாது.