மரச்சிற்ப ஆசான் தில்மன் றீமென்சினைடர்

ஆசான் என்னுஞ் சொல்லை இக்காலத்தார் கைத்திறனின் உச்சியைக் குறிக்கவே பெரிதும் வழங்குவர். உளியை வல்லமையோடு ஆள்பவன் மரச்சிற்ப ஆசான் என்று கூறிவிட்டால் போதும், வேறு விளக்கம் எவரும் வேண்டார். ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களிலோ இச்சொல் இத்துணை எளிய பொருளுடையதாய் இருக்கவில்லை. அங்கே ஆசான் என்பது முதற்கண் ஒரு சட்டநிலை. நகரத்துக் கம்மியர் தத்தம் தொழிலுக்கேற்பக் கழகங்களாகத் திரண்டிருந்தனர். கழகத்தில் மாணாக்கன், கூலிக் கம்மியன், ஆசான் என மூன்று படிகள் உண்டு. தன் பெயரிற் பட்டறை திறக்கவும், மாணாக்கரைச் சேர்க்கவும், கோயிலாரோடு ஒப்பந்தம் எழுதவும் உரிமை பெற்றவன் ஆசான் ஒருவனே. கைவண்ணம் மிக்க ஒருவன் வாழ்நாள் முழுவதும் பிறன் பட்டறையிற் கூலிக்கு உழைத்து மறைவதும் உண்டு. அவன் பெயரை எந்த ஏடும் கூறாது.

இவ்விரு பொருள்களும் ஒரு மனிதனிடத்தே எவ்வாறு கூடின என்பதற்குத் தென் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரத்துச் சிற்பி தில்மன் றீமென்சினைடரின் வரலாறு தக்க சான்றாகும். அவர் 1460ஆம் ஆண்டளவில் ஹைலிகன்ஸ்ராட் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் நாணயச்சாலை ஆசானாக விளங்கினார். 1483ஆம் ஆண்டு வூர்ட்ஸ்பேர்க்கில் ஓவியரும் சிற்பியரும் கண்ணாடி வேலைக்காரரும் சேர்ந்திருந்த தூய லூக்கா கழகத்தில் அவர் கூலிக் கம்மியராகப் பதிவு பெற்றார். இரண்டாண்டுகள் செல்லுமுன், 1485இன் தொடக்கத்தில், பொற்கொல்லர் ஒருவரின் கைம்பெண்ணாகிய அன்னா என்பாரை மணந்தார். அவ்வாண்டிலேயே நகரக் குடியுரிமையும் ஆசான் நிலையும் அவருக்கு ஒருங்கே கிடைத்தன. மனைவியோடு மூன்று மாற்றாம்பிள்ளைகளும் ஒரு வீடும் வந்தன.

உளியால் எய்திய ஆசான்மை அன்று, மணமாலையால் எய்தியது என்று நகைக்கத் தோன்றலாம். ஆயின் அக்கால வழக்கை நோக்குங்கால் இதில் வியப்பில்லை. பட்டறைக்கு முதல் வேண்டும். மாணாக்கர் உண்ணவும் உறங்கவும் வீடு வேண்டும். அவர்களைப் பேண இல்லாள் வேண்டும். ஆசானென்பான் ஒரு குடும்பத்தலைவன். இவையில்லாத இளைஞனுக்கு, ஆசானொருவரின் கைம்பெண்ணை மணத்தலே பல நகரங்களில் திறந்திருந்த வாயிலாகும். திறமை உண்டா என்ற வினா அதன் பின்னரே விடைபெறும்.

விடையை அவர் லிண்டன் மரத்தில் எழுதினார். தென் ஜேர்மனியச் சிற்பியர் பெரிதும் விரும்பிய மரம் இதுவே. இதன் நார் நுண்ணியது. வளையத்துக்கு வளையம் வன்மை மென்மை வேறுபாடு குறைவு. ஆதலின் எத்திசையில் உளி சென்றாலும் பெரிதும் எதிர்க்காது. தலைமயிரின் சுருளையும் விரல்நுனியின் நகத்தையும் இதிற் காட்டலாம். ஆயினும் இது வஞ்சனை மரமுமாம். உலரும்போது மிகச் சுருங்கும். முழு அடிமரத்தை அப்படியே உருவமாக்கினால், புறப்பகுதி நடுப்பகுதியினும் மிகுதியாகச் சுருங்க, நெஞ்சு முதல் அடிவரை வெடிப்போடும். இதனையறிந்த சிற்பியர் உருவத்தின் முதுகைத் தோண்டி, மரத்தின் நடுவை முற்றும் எடுத்துவிடுவர். பலிபீடத்தின் மீது நிமிர்ந்து நிற்கும் அருளாளரைப் பின்னிருந்து காண்பார்க்கு, உள்ளே தொட்டிபோலக் குடைந்த ஒரு மரப்பட்டையே தெரியும். செதுக்கும்போது மரத்தைக் கிடையாகப் படுக்கவைத்து இருமுனையும் பிணித்து, வேண்டியவாறு புரட்டிப் புரட்டி வேலை செய்தனர். பிணித்த துளை உருவங்களின் உச்சந்தலையில் அடைக்கப்பட்டிருப்பதை இன்றுங் காணலாம். வாய்ச்சியாற் பருமட்டாக வெட்டுதல், கொட்டாப்புளியும் உளியுங் கொண்டு திரட்டுதல், நகவுளியால் மடிப்புகளை ஓட்டுதல், கத்தியால் முகத்தை முடித்தல் என்று வேலை படிப்படியாகச் செல்லும். முதற்படிகளை மாணாக்கரும் கம்மியரும் செய்வர்; முகத்தை எவர் முடித்தார் என்பதே பிற்காலத்தார் ஆராயும் பொருளாயிற்று.

அக்காலத்து வழக்கப்படி, செதுக்கிய மரம் சிற்பியின் கையை விட்டதும் ஓவியன் கைக்குச் செல்லும். அவன் சுண்ணக் கலவை பூசி, வண்ணமும் பொன்னும் ஏற்றுவான். சிறு பிழைகளைச் சுண்ணம் மூடிவிடும். 1490இல் மியூனர்ஸ்ராட் நகரத்தார் மரிய மதலேனாள் பீடத்துக்கான சிற்பத்தொகுதியை 145 குல்டன் பொற்காசுக்கு றீமென்சினைடரிடம் ஒப்படைத்தனர். 1492இல் நிறைவெய்திய அத்தொகுதி வண்ணமின்றி நின்றது. மேலே ஒரு மெல்லிய பழுப்பு மெருகு, உதட்டிலும் கண்மணியிலும் சிறிது நிறம், அவ்வளவே. செலவைச் சுருக்கவே இவ்வாறு செய்தனர் என்பாரும், ஆடம்பரத்தை வெறுத்த அக்காலச் சமய உணர்ச்சியே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், விளைவு ஒன்று தெளிவு. சுண்ணத் திரை நீங்கியபின் உளியின் ஒவ்வொரு கோடும் காண்பான் கண்முன் நிற்கின்றது. பிழை நேர்ந்தால் மறைக்க இடமில்லை. இத்தகைய வேலையைத் துணிந்து வெளியில் அனுப்புதலே ஆசான்மையின் மெய்யான தேர்வு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நகரத்தார்க்கு அவ்வெறுமை நெடுநாள் பிடிக்கவில்லை போலும். பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் கழிந்தபின், 1504ஆம் ஆண்டளவில், அத்தொகுதிக்கு வண்ணந்தீட்ட அவர்கள் வேறொருவரை அமர்த்தினர். அவர் பெயர் வைற் ஸ்ரொஸ். போலந்து நாட்டுக் கிறாக்கோ நகரின் மாபெரும் பீடத்தை 1477 முதல் 1489 வரை அமைத்த பேராசான் அவர். மரச்சிற்பத்தில் றீமென்சினைடரோடு ஒருங்கே எண்ணப்படுபவர். அத்தகையவர் பிறன் செதுக்கிய உருவத்துக்கு வண்ணம் பூச வந்தமைக்கு ஓர் அவலக் காரணம் உண்டு. கடனொன்றில் ஏமாற்றப்பட்டுப் பொருளிழந்த அவர், அதை மீட்கப் பொய்யாவணம் ஒன்றைப் புனைந்து, 1503இல் நூரன்பேர்க்கில் இருகன்னத்திலும் சூடுபோடப்பட்டவர். ஊரைவிட்டு நீங்கலாகாது என்ற ஆணையையும் மீறி மருமகன் வாழ்ந்த மியூனர்ஸ்ராட்டுக்கு ஓடிவந்தவர். கைத்திறன் சிறிதுங் குறையவில்லை. குறைந்தது அவர் சொல்லின் மதிப்பு. இரண்டும் வெவ்வேறு என்பதை அக்காலத்து நகரங்கள் நன்குணர்ந்திருந்தன.

றீமென்சினைடரின் பட்டறை இதற்கிடையில் பெருகி வளர்ந்தது. 1517 வரையில் பன்னிரண்டு மாணாக்கரின் பெயர்கள் கழக ஏட்டிற் பதிவாகியுள்ளன. றொத்தன்பேர்க் நகரின் தூய யாக்கோபு கோயிலில், திருக்குருதிச் சின்னத்துக்கென அமைந்த பீடத்தொகுதி 1505ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. அதன் நடுவே இராப்போசனக் காட்சி. நடுவில் நிற்பவன் யூதாசு. இயேசுநாதர் ஒருபுறமாக அமர்ந்துளார். காட்டிக்கொடுப்போனை நட்டநடுவே நிறுத்திய துணிவு காண்போரைத் திடுக்கிடச் செய்யும். பின்புறத்தில் திறந்த சிறு சாளரங்கள் வழியாக மெய்யான வெயில் நுழைந்து உருவங்களின்மீது படிகின்றது. நாழிகைக்கு நாழிகை முகங்களின் தோற்றம் மாறுகின்றது. இத்தொகுதியின் கூட்டைச் செய்தவர் எர்காட் ஹார்ஷ்னர் என்னும் தச்சர். அவர் பெற்ற ஊதியம் சிற்பி பெற்றதினும் பெரிதுங் குறைந்ததன்று. கூடு செய்தவனையும் உருவம் செய்தவனையும் மேல்கீழாக வைத்து நோக்கும் வழக்கம் பின்னாளில் வந்தது.

இப்படைப்புகளில் எத்துணை அவர் தம் கையால் ஆயவை என்ற ஆராய்ச்சி மிக வளர்ந்துள்ளது. கிறெக்லிங்கன் கோயிலின் மரியன்னை விண்ணேற்புத் தொகுதிக்கு ஒப்பந்தம் எதுவும் கிடைத்திலது. உளியின் நடைகொண்டே அது அவருடையதென்று அறிஞர் துணிந்தனர். பயனுள்ள ஆராய்ச்சிதான். ஆயினும் ஒப்பந்தம் எழுதிய நகரத்தார் அவ்வினாவை இவ்வாறு எழுப்பியிருக்கமாட்டார்கள். அவர்கள் வேண்டியது, வேலைக்கு விடைசொல்லும் ஒருவர். பட்டறையில் எவன் கை பிழைத்தாலும் பொறுப்பு ஆசானுடையது.

இப்பொறுப்பு பட்டறையோடு நின்றுவிடவில்லை. 1504இல் அவர் நகரசபை உறுப்பினரானார். 1520இல் நகரத்தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது. வீடுகளும் முந்திரித் தோட்டங்களும் உடைய செல்வரானார். மேற்றிராணியார்களின் கல்லறைச் சிற்பங்களும், பாம்பேர்க் பெருங்கோயிலிலுள்ள இரண்டாம் ஹென்றிப் பேரரசனின் கல்லறையும் அவர் பட்டறையிலேயே உருவாயின. அமைதியாக வாழ்ந்து முடிப்பதற்கு வேண்டிய யாவும் அவரிடம் இருந்தன.

1525இல் உழவர் கிளர்ச்சி மூண்டது. வூர்ட்ஸ்பேர்க்கில் மேற்றிராணியாரே அரசரும் ஆவார். அப்போது அப்பதவியில் இருந்தவர் கொன்றாட் வொன் தூங்கன். உழவரை எதிர்க்க நகரத்தார் துணை வேண்டுமென அவர் கேட்டபோது சபை இணங்கவில்லை. நகரம் உழவர் பக்கம் சாய்ந்தது. நகருக்கு எதிரே குன்றின்மேல் நிற்கும் மரியன்பேர்க் கோட்டையை உழவர் முற்றுகையிட்டும் அது வீழவில்லை. யூன் மாதத் தொடக்கத்தில் உழவர் படை அழிந்தது. சில நாட்களில் மேற்றிராணியார் நகர் புகுந்தார். பலர் தலையிழந்தனர். அறுபது வயதைக் கடந்த றீமென்சினைடர் ஏனைய சபையினரோடு அக்கோட்டையிற் சிறைவைக்கப்பட்டுச் சித்திரவதைக்கும் உள்ளானார். ஏறத்தாழ இரண்டு மாதங்களின்பின், ஆகஸ்டில், விடுதலையானார். உடைமையிற் பெரும்பகுதி பறிமுதலாயிற்று.

சித்திரவதையில் அவர் கைகள் முறிக்கப்பட்டன, அதனாலேயே பின்னர் அவர் செதுக்கவில்லை என்பது பலராலும் கூறப்படும் கதை. கேட்போர் நெஞ்சை அது உருக்கும். ஆயின் அக்கால ஆவணங்களில் அதற்குச் சான்றில்லை. 1527இல் கிற்சிங்கன் கன்னியர் மடத்தில் ஒரு பீடத்தைப் பழுதுபார்த்தார் என்ற குறிப்போ உளது. கை முறிந்திருந்தால் அப்பணி அவரிடம் வந்திராது என்றே கருதல் வேண்டும். அவர் பட்டறை ஓய்ந்தமைக்குக் காரணம் தேட எலும்பை நாடவேண்டியதில்லை. சபையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு நகரம் வேலை கொடுக்கவில்லை. பகைத்த மேற்றிராணியாரும் கொடுக்கவில்லை. சமயச் சீர்திருத்தம் பரவிய ஊர்களிலோ புதிய உருவங்களை வேண்டுவாரே இல்லை. ஆசான் நிலையைத் தாங்கிநின்ற தூண்கள் யாவும் ஓராண்டிற் சாய்ந்தன. கை எஞ்சியிருந்தது. பழுதுபார்ப்பதே அதற்குக் கிடைத்த தொழில்.

1531ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி அவர் காலமானார். பெயரும் மெல்ல மறைந்தது. கிறெக்லிங்கன் தொகுதி பலகைகளால் மூடப்பட்டுக் கிடந்து 1832இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. பிற்காலத்தில், அவரைச் சிறைவைத்த மரியன்பேர்க் கோட்டையே அருங்காட்சியகமாகி, அவர் படைப்புகள் பல அங்கே திரட்டப்பட்டமை வரலாற்றின் விளையாட்டென்றே கூறல் வேண்டும்.

அவர் பெயரை மீட்டது ஒரு கல். 1822இல் வூர்ட்ஸ்பேர்க் பெருங்கோயிலின் அருகே நிலத்தை அகழ்ந்தோர் ஒரு கல்லறைப் பலகையைக் கண்டெடுத்தனர். மகன் யோர்க் செதுக்கியதென்று கருதப்படும் அப்பலகையில், நீண்ட அங்கி தரித்து, செபமாலை ஏந்தி, முதியவர் ஒருவர் நிற்கின்றார். அதன் ஓரத்து எழுத்துகள் அவரைப் பண்பும் கலைவளமும் உடையார் எனப் புகழ்ந்தபின் இரண்டே பெயர்களாற் குறிக்கின்றன: சிற்பி, வூர்ட்ஸ்பேர்க் நகரக் குடிமகன். நகரத்தலைவர் பதவி அதிற் பொறிக்கப்படவில்லை.