தோட்டா மாறினால் துப்பாக்கி என்ன செய்யும்?



1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31ஆம் நாள் வரை இந்நாட்டில் அவசரகாலம் நீடித்தது. அந்நாளில் தோட்டங்களுக்கு முள்வேலி போட்டதையும், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு காவல் நின்றதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பின்னர் நம் மலாக்காவில், சுங்கை ஊடாங் பக்கத்துத் தெரெண்டாக் முகாமில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகள் தங்கியிருந்தன. ஆகவே துப்பாக்கி நமக்குப் புதிய பொருளன்று. ஆயினும், துப்பாக்கியை இயங்க வைப்பது எது என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை ஒட்டிய ஒரு வரலாற்றை இன்று காண்போம்.

பழைய .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் சிப்பாய் தன் கையால் தாழ்ப்பாளை இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தோட்டா மட்டமாக இருந்தாலும் கைபலத்தால் சமாளித்துக் கொள்ளலாம். அரைத் தானியங்கித் துப்பாக்கி அப்படியல்ல. மருந்து வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு சிறு பங்கே தாழ்ப்பாளைப் பின்னே தள்ளுகிறது. வெற்றுக் கூட்டை எறிகிறது. பின்னர் சுருள்வில் தாழ்ப்பாளை முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறுகிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் எப்படியோ, இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா அப்படி. வாயு குறைந்தால் வெற்றுக் கூடு முழுதாக வெளியேறாது. மிகுந்தால் தாழ்ப்பாள் வேகம் தாங்காமல் கூடு உள்ளேயே சிக்கிக் கொள்ளும். மருந்து கரி படிந்தாலும் இதே தொல்லைதான்.

தெரெண்டாக் வீரர்கள் ஏந்திய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. தோட்டாவுக்கும் அழுக்குக்கும் ஏற்ப வீரரே அதைத் திருப்பிக் கொள்ளலாம். அக்காலத்தில் வந்த மற்றொரு புதிய துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. அதன் பெயர் ஏ.ஆர்.15. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1959ஆம் ஆண்டு விற்ற முதல் 25 துப்பாக்கிகளை வாங்கியது வேறெந்த நாடுமன்று. நம் மலாயாக் கூட்டரசேதான். எடை குறைந்த துப்பாக்கியாதலால் காட்டில் சுமந்து நடக்க ஏற்றதாயிருந்தது.

பின்னர் அமெரிக்க இராணுவம் இதனை எம்.16 என்ற பெயரில் ஏற்றது. இதை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட வகை மருந்தை வைத்தே சோதித்திருந்தனர். 1964ஆம் ஆண்டில் இராணுவம் தோட்டாவின் மருந்தை மாற்றியது. உருண்டை மணிகளான புதிய மருந்தில், அது கெடாதிருக்கச் சேர்த்த சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருந்தது. அது வாயுக் குழாயில் படிந்தது. நிமிடத்துக்கு 850 குண்டுகள் என்று வைத்த வேக வரம்பையும் துப்பாக்கி மீறியது. போதாததற்குத் தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. வியட்நாமின் ஈரத்தில் அது துருப்பிடித்தது. இந்தத் துப்பாக்கிக்குத் துடைப்பே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்ததால், துடைக்கும் கருவிகளும் போதிய அளவு அனுப்பப்படவில்லை.

விளைவு என்ன? சண்டையின் நடுவே துப்பாக்கிகள் சிக்கி நின்றன. பிள்ளைகள் மாண்டார்கள். ஆனால் பழி யார் மீது விழுந்தது? துப்பாக்கியைச் சிப்பாய்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றே மேலிடத்தில் சொன்னார்கள். 1967 மே மாதத்தில், களத்திலிருந்து ஒரு வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் ஊர் விழித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்டு குழு விசாரித்தது. போதிய சோதனையின்றி மருந்தை மாற்றியதே கோளாறுக்குப் பெருங்காரணம் என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது.

அதன்பின் அறைக்குக் குரோமியம் பூசினார்கள். வேகத்தை அடக்கும் புதிய உறுப்பைப் பொருத்தினார்கள். துடைக்கும் கருவிகளை வழங்கினார்கள். 1968இல், வில் ஐஸ்னர் என்ற ஓவியரைக் கொண்டு துப்பாக்கியைப் பேணும் முறையைப் படக்கதையாகவே அச்சிட்டுத் தந்தார்கள். ஆசிரியராகிய எங்களுக்கு இது வியப்பளிக்கவில்லை. ஏச்சில் வராத பாடம் ஒரு படத்தில் வந்துவிடும்.

நேயர்களே, நம் தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். ஆசிட்டின் அளவு மாறினால் பால் சரியாக உறையாது, ஷீட் கெடும். அப்போது முதலில் ஏச்சுக் கேட்பவர் பால் வெட்டியவரா, ஆசிட்டை மாற்றியவரா? ஒரு பொருள் கெட்டால், கையில் வைத்திருந்தவரைக் குறை சொல்லுமுன், "எதை மாற்றினார்கள், சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேட்க வேண்டும். அந்த வீரர் கேட்டது ஒரே ஒரு கடிதத்தில். நம் பிள்ளைகளும் எழுதப் படிக்கக் கற்று, கண்டதைத் தெளிவாக எழுதக் கூடியவர்களாக வளரட்டும்.