ஸ்கிட் ஸ்டீர் லோடர்: தூக்குவிசைக் குறைவு

பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர்களின் தூக்குக் கைகள் சுமையோடு எழத் திணறுவதே இக்கோளாறு.

எண்ணெய் மட்டம், அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கும் உறிஞ்சு குழாய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நுரைத்த எண்ணெய் காற்றுக் கசிவைக் காட்டும். அடுத்து, பக்கெட்டைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூக்குதல், சாய்த்தல் இரண்டுமே தளர்ந்திருந்தால் பம்ப் அல்லது பிரதான ரிலீஃப் வால்வு மீது ஐயம் விழும். தூக்குதல் மட்டும் தளர்ந்தால் தூக்குச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் அல்லது அதன் கட்டுப்பாட்டு வால்வு காரணமாகலாம். எண்ணெய் குளிர்ந்திருக்கையில் நன்றாகத் தூக்கி, சூடேறியதும் சோர்ந்தால் தேய்மானம் காரணமாகலாம். சூட்டில் இளகிய எண்ணெய் தேய்ந்த பாகங்களின் இடைவெளிகளில் எளிதில் நழுவிவிடும்.

பலர் உடனே பம்பை மாற்றுகிறார்கள்; அது வீண் செலவாகலாம். முதலில் பிரஷர் கேஜ் மாட்டி, கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் குறைந்தால், குப்பை சிக்கித் திறந்தே நிற்கும் ரிலீஃப் வால்வையும் சோதிக்க வேண்டும். அதன் அழுத்தத்தைக் கையேட்டு வரம்புக்கு மேல் ஏற்றுவது ஆபத்து. உயர்த்திய கைகளுக்குத் தாங்கி பூட்டாமல் அடியில் நுழையக்கூடாது.