பெஸி கோல்மனும் அமையாத விமானப் பள்ளியும்

விமானவியலின் ஆரம்ப வரலாற்றை எழுதியோர் ‘முதலாவது’ என்ற சொல்லைப் பெரிதும் விரும்பினர். முதலிற் பறந்தவர், முதலிற் கடல் கடந்தவர், முதலில் அனுமதிப் பத்திரம் பெற்றவர் என அப்பட்டியல் நீளும். விமானி அனுமதிப் பத்திரம் பெற்ற முதலாவது கறுப்பின அமெரிக்கப் பெண் என்ற அளவில் பெஸி கோல்மனுக்கும் அதில் ஓரிடம் உண்டு. ஆனால் அப்பெருமை அவருக்கு ஒரு வழியேயன்றி முடிவன்று. தம் இனத்தவர் விமானமோட்டக் கற்பதற்கு ஒரு பள்ளி நிறுவுதலே அவர் கொண்ட நோக்கம். அந்நோக்கை மனத்திருத்திப் பார்க்கும்போதே அவரது வாழ்வின் திருப்பங்கள் விளக்கமுறுகின்றன.

பெஸி 1892ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் அற்லாண்டா என்னும் ஊரிற் பிறந்தார் (இது ஜோர்ஜியாவிலுள்ள பெருநகரன்று). வளர்ந்தது வாக்சஹாச்சியில். பருத்தி பறிக்கும் பருவம் வந்தால் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். எனினும் கணிதத்தில் அவர் வல்லவராயிருந்தார். 1910இல் ஒக்லஹோமாவிலுள்ள கறுப்பினத்தவர் கல்லூரியொன்றிற் சேர்ந்தார். ஒரு தவணையுடன் கைப்பணம் தீர, ஊர் திரும்பிச் சலவைத் தொழில் செய்தார். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களை நோக்கிப் பெருந்தொகையாகப் பெயர்ந்த காலம் அது. 1915இல் அவரும் சிக்காகோ சென்று, சிகையலங்கார நிலையமொன்றில் நகங்களைச் செப்பனிடும் பணியில் அமர்ந்தார்.

போர் முடிந்து பிரான்சிலிருந்து திரும்பிய தமையன், அந்நாட்டுப் பெண்கள் விமானமோட்டுவதைச் சொல்லித் தங்கையைச் சீண்டியதாகக் கூறுவர். அமெரிக்காவிலும் 1911இலேயே ஹரியற் குயிம்பி என்ற வெள்ளையினப் பெண் அனுமதிப் பத்திரம் பெற்றிருந்தார். எனவே பெண் என்னும் தடை சிறிதேனும் தளர்ந்திருந்தது. நிறம் என்னும் தடையோ தளரவில்லை. பெஸியைச் சேர்த்துக்கொள்ள எந்த அமெரிக்கப் பள்ளியும் முன்வரவில்லை. ‘சிக்காகோ டிபெண்டர்’ பத்திரிகையின் அதிபர் றொபேட் அபொட் அவரைப் பிரான்சுக்குச் செல்லுமாறு ஊக்குவித்தார். 1910இல் றேமொண்ட் டி லறோஷ் என்ற பெண்ணுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கிய நாடு அது. முதலாம் உலகப்போரில் யூஜின் புலாட் என்ற கறுப்பின அமெரிக்கர் விமானியாகப் பணியாற்றியதும் பிரெஞ்சுப் படையிலேயே. பெஸி பிரெஞ்சு மொழி பயின்று, 1920 நவம்பரிற் கப்பலேறினார். லெ குறொற்றுவாவிலிருந்த கோட்றோன் சகோதரரின் பள்ளியிற் பயின்று, 1921 ஜூன் 15இல் அனுமதிப் பத்திரம் பெற்றார்.

ஆனால் பத்திரம் சோறு போடவில்லை. பயணிகளை ஏற்றிச்செல்லும் விமானத்துறை அன்று அமெரிக்காவில் வேரூன்றியிருக்கவில்லை. போரில் மிஞ்சிய ‘ஜென்னி’ விமானங்கள் மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கி ஊரூராகச் சாகசம் காட்டுவதே பெரும்பாலான விமானிகளின் பிழைப்பு. 1922இல் மீண்டும் ஐரோப்பா சென்று அக்கலையைக் கற்றுத் திரும்பிய பெஸி, அவ்வாண்டு செப்டெம்பர் 3இல் நியூயோர்க்கருகே தமது முதற்காட்சியை நடத்தினார். பள்ளிக்கான முதல் இவ்வாறுதான் சேரவேண்டியிருந்தது. திரைப்படமொன்றில் நடிக்கவும் இசைந்தார். கந்தலுடுத்தி, கையிற் கோலும் முதுகில் மூட்டையுமாகத் தோன்றவேண்டுமென்றதும் விலகிக்கொண்டார். வருவாய் தேவைப்பட்ட ஒருவர் எடுத்த முடிவு இது என்பது கவனிக்கத்தக்கது. 1923 பெப்ரவரியில் கலிபோர்ணியாவில், அரிதின் முயன்று வாங்கிய விமானம் இயந்திரம் நின்று வீழ்ந்தது. அவரது கால் முறிந்தது, திட்டமும் பின்தள்ளப்பட்டது.

1925இல் வாக்சஹாச்சியில் நிகழ்ந்தது தனித்து நோக்கற்பாலது. தாம் வளர்ந்த ஊரிற் காட்சி நடத்தவிருந்தபோது, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு வாயில்கள் ஒதுக்கப்பட்டிருந்ததை அவர் அறிந்தார். அனைவரும் ஒரே வாயிலால் நுழைந்தாலன்றித் தாம் பறப்பதில்லை என்றார். அமைப்பாளர் இணங்கினர்; ஆனால் உள்ளே இருக்கைகள் பிரிந்தேயிருந்தன. வரலாற்றாசிரியர் சிலர் வாயிலைச் சொல்லி இருக்கைகளைச் சொல்லாது விடுவர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை. அக்காலத் தென்மாநிலமொன்றில், புகழ்பெற்ற தனியொருவரின் பேரம்பேசும் வலு எத்துணை தூரம் செல்லக்கூடியதாயிருந்தது என்பதை அவ்வாயிலிலிருந்து இருக்கைவரையுள்ள இடைவெளியே காட்டுகின்றது.

அடுத்த ஆண்டு புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு காட்சி ஒழுங்காகியது. அதற்கென வாங்கிய பழைய ஜென்னியை வில்லியம் வில்ஸ் என்ற இயந்திரவினைஞர் டலாசிலிருந்து ஓட்டிவந்தார். வழியிற் பலமுறை பழுதடைந்து இறக்கவேண்டியதாயிற்று. ஏப்ரல் 30ஆம் திகதி காலை வில்ஸ் விமானத்தைச் செலுத்த, மறுநாட் குதிப்பதற்கேற்ற நிலத்தைப் பெஸி மேலிருந்து தேடினார். வெளியே எட்டிப் பார்ப்பதற்காக இருக்கைப் பட்டியை அணியாதிருந்தார். திடீரென விமானம் தலைகீழாகப் பாய, அவர் தூக்கியெறியப்பட்டு மாண்டார், வில்சும் உயிர்தப்பவில்லை. கட்டுப்பாட்டுப் பொறிக்குள் ஒரு திருகுசாவி சிக்கியிருந்தது. அதை விதியென்று கூறுவாருமுளர். நல்ல விமானம் வாங்க வழியிருந்தவர்கள் இத்தகைய ஒன்றில் ஏறியிருக்கமாட்டார்கள் என்றே நாம் கருதுகின்றோம். அப்போது அவருக்கு வயது 34.

சிக்காகோவில் நடந்த இறுதிக் கிரியைகளிற் பல்லாயிரவர் திரண்டனர்; அடாவதைக்கு எதிராக எழுதிய ஐடா வெல்ஸ் தலைமை தாங்கினார். 1929இல் வில்லியம் பவல், லொஸ் ஏஞ்சலிசில் பெஸியின் பெயரால் ஒரு விமானக் கழகம் நிறுவினார். 1930களின் பிற்பகுதியில் கோர்னீலியஸ் கோவியும் வில்லா பிறவுணும் சிக்காகோவின் புறத்தே விமானப் பள்ளியொன்றை நடத்தினர். இரண்டாம் உலகப்போரில் ரஸ்கீகீ விமானிகளெனப் பெயர்பெற்ற கறுப்பினப் படையினருட் சிலர் அப்பள்ளியிற் பயின்றவர்களே.