பங்குனி உத்திரம், 1942: பாட்டி சொன்ன தேதியும் ஜப்பான் கடற்படையின் பட்டியலும்

"ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டான் இல்ல, அப்பதான். பங்குனி உத்திரம் முடிஞ்ச கையோட உங்க தாத்தாவோட அக்கா குடும்பம் பெட்டி படுக்கையோட வந்து எறங்கிடுச்சு. தறி இருந்த கூடத்துல கால் நீட்ட எடம் இல்ல."

பிள்ளையார்பாளையம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி இதை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, கணக்கில்லை. கல்லூரிக் காலத்தில் கொஞ்சம் வரலாறு படிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில். பங்குனி உத்திரமோ மார்ச், ஏப்ரலில் வரும். இரண்டும் ஒட்டவே இல்லை. "பாட்டிக்கு ஞாபகம் குழம்பிடுச்சு" என்று நானே தீர்ப்பு சொல்லிவிட்டேன். அவரிடம் திரும்பக் கேட்கவும் இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

சில வருடங்களாக ஓய்வு நேரத்தில் ஜப்பான் கடற்படை அதிகாரிகளின் பணி வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். எந்த ஆண்டு பயிற்சிப் பள்ளியில் தேறினார், எப்போது பதவி உயர்வு, எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு எக்செல் ஷீட். "எதுக்குடா இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பாட்டியின் தேதியைச் சரிபார்க்கத்தான் முதலில் தொடங்கினேன். அப்புறம் விட முடியவில்லை.

முதலில் தேதி. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை நகுமோ சூயிச்சியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. இடையில் ஏப்ரல் 6 அன்று, ஒசாவா ஜிசாபுரோ தலைமையில் வங்கக் கடலுக்குள் வந்த இன்னொரு படையின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. இரண்டுமே அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள். அந்தப் படை 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. அடுத்த சில நாட்களில் மெட்ராஸ் காலியாகத் தொடங்கியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் கிடைத்த ரயிலில், வண்டியில் உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள்.

இனி பஞ்சாங்கம். ஈஸ்டர் எப்போதும் ஒரு பௌர்ணமிக்குப் பின் வரும் ஞாயிறு. அந்த வருடம் அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 1. பங்குனி உத்திரமும் அதை ஒட்டித்தான். ஆக, ஏகாம்பரநாதர் கோயிலில் திருக்கல்யாணம் நடந்து ஒரு வாரத்துக்குள் விசாகப்பட்டினத்தில் குண்டு. அதற்கு அடுத்த வாரம் மெட்ராஸ்காரர்கள் எங்கள் தறிக்கூடத்தில்.

பாட்டி சொன்ன தேதி சரி. குண்டு விழுந்த ஊர்தான் மாறிவிட்டது. பிற்பாடு 1943ல் மெட்ராஸிலும் விழுந்ததால் இரண்டு சம்பவமும் மனதில் ஒன்றாகியிருக்கும். ஆனால் கோயில் உற்சவத்தோடு முடிந்து வைத்த நாள் அவிழவே இல்லை.

சரி, அந்தப் படையை ஏவியவர்கள் யார்? இதைத் தேடுவது நம் வேலையில் டேட்டா கிளீனிங் மாதிரிதான். 1945 ஆகஸ்டில் ஜப்பானியர்கள் ஏராளமான ராணுவ ஆவணங்களை எரித்துவிட்டார்கள். தப்பியவற்றில் பெரும்பகுதி டோக்கியோவில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. நிறைய ஆவணங்களை ஆசிய வரலாற்று ஆவண மையம் 2001 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 102 தொகுதிகள் கொண்ட அதிகாரபூர்வப் போர் வரலாறும் உண்டு. அதில் வங்கக் கடல் நடவடிக்கை பற்றிய தொகுதி 2018ல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

தேடும்போது மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, எழுத்து. ஒசாவாவின் பெயரில் ஒரு எழுத்துக்குப் பழைய வடிவம், போருக்குப் பின் வந்த புதிய வடிவம் என்று இரண்டு. நம் பழைய புத்தகங்களில் 'லை', 'னை' வேறு மாதிரி இருக்குமே, அப்படி. ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது வராது. இரண்டு, உச்சரிப்பு. ரியூஜோ கப்பலில் இருந்து அந்த விமானங்களை அனுப்பிய ககுதா ககுஜியின் குடும்பப் பெயரை 'சுனோதா' என்றும் படிக்கலாம். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். மூன்று, ஆண்டு. அவர்கள் கணக்கில் 1942 என்பது ஷோவா 17. விஷு, சித்திரபானு என்று வருடம் சொல்லிப் பழகிய ஊர்க்காரனுக்கு இது மட்டும் பெரிய கஷ்டமில்லை.

பட்டியல் நிரம்ப நிரம்ப ஒரு விஷயம் தெளிவானது. அந்தக் கடற்படையில் ஒருவர் எங்கே போய் நிற்பார் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானித்தது எதாஜிமா பயிற்சிப் பள்ளியின் பேட்ச் எண்ணும், அதில் எடுத்த ரேங்க்கும்தான். நகுமோ 36ஆம் பேட்ச், 1908. 191 பேரில் 8ஆவது. ஒசாவா 37ஆம் பேட்ச், 1909. 179 பேரில் 45ஆவது. நகுமோ வைஸ் அட்மிரல் ஆனது 1939 நவம்பர் 15. ஒசாவா ஆனது 1940 நவம்பர் 15. சரியாக ஒரு வருட வித்தியாசம்.

விமானந்தாங்கிக் கப்பல்களைப் பிரித்து வைக்காமல் ஒரே படையாகச் சேர்க்க வேண்டும் என்று 1940ல் வற்புறுத்தியவர் ஒசாவா. அப்போது அவர் அந்தக் கப்பல்களின் ஒரு பிரிவுக்குத் தலைவர். யோசனை ஏற்கப்பட்டது. 1941 ஏப்ரலில் படை உருவானபோது தலைமை சீனியாரிட்டிப்படி நகுமோவுக்குப் போனது. அவரோ டார்பிடோ தாக்குதலில் தேர்ந்தவர், விமானத் துறை அவருக்குப் புதிது. அந்தப் படைதான் பேர்ல் ஹார்பரையும் கொழும்பையும் தாக்கியது. யோசனை சொன்னவர் ஒரு வருடம் கழித்து, சோகாய் என்ற க்ரூஸரில் ஏறி, ரியூஜோ என்ற ஒரே ஒரு சின்ன விமானந்தாங்கியை வைத்துக்கொண்டு நம் கரைப்பக்கம் சரக்குக் கப்பல் வேட்டையாடிக் கொண்டிருந்தார்.

என் ஷீட்டின் கடைசிப் பத்தி, "முடிவு". ஒசாவாவோடு வந்த மிகுமா க்ரூஸர் 1942 ஜூன் 6, அதாவது விசாகப்பட்டினத்துக்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, மிட்வே போரில் மூழ்கியது. ரியூஜோ அதே ஆகஸ்டில். இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் ஒன்றுகூடப் போரின் முடிவைப் பார்க்கவில்லை. 1944ல் நகுமோ சைபான் தீவிலும் ககுதா டினியன் தீவிலும் இறந்தார்கள். நகுமோவின் இடம் 1942 நவம்பரில் ஒசாவாவுக்கு வந்தது. அவருக்கு மிஞ்சியது தோல்விகள்தான். 1944 அக்டோபரில் லெய்டே போரில் எதிரியைத் திசைதிருப்பும் தூண்டில் இரையாகத் தன் கப்பல்களைக் கொண்டுபோய்ப் பறிகொடுத்தார். 1945 மே மாதம் கூட்டுக் கப்பற்படைக்கே கடைசித் தளபதி ஆனபோது, அட்மிரல் பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1966ல் காலமானார்.

கொழும்பு மீது விமானங்களை நடத்திச் சென்ற ஃபுச்சிடா மிட்சுவோ போருக்குப் பின் மிட்வே பற்றி எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் ஜப்பானிய விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று அதில் சொன்னார். ஐம்பது வருடம் அதையே நம்பினோம். 2005ல் பார்ஷல், டல்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கப்பல்களின் பறப்புப் பதிவுகளை வைத்துப் பார்த்து, அது அப்படி நடக்கவில்லை என்று காட்டினார்கள். நேரில் பார்த்த அதிகாரியின் நிமிடக் கணக்கு தப்பு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியின் உத்திரக் கணக்கு சரி.

1914ல் மெட்ராஸைத் தாக்கிய ஜெர்மன் கப்பல் நம் பேச்சில் 'எம்டன்' என்று இன்றும் இருக்கிறது. 1942ல் ஊரே காலியானது. அதற்குக் காரணமான ஒசாவாவின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அவர் படை ஏப்ரல் 11 வாக்கில் சிங்கப்பூர் திரும்பிவிட்டது. நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது கடல் காலி.

அந்த வருடத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அப்போது கோயிலில் என்ன விசேஷம், தறியில் என்ன பாவு ஓடியது என்று கேளுங்கள். தப்பாகத் தோன்றினாலும் அப்படியே எழுதி வையுங்கள். சரிபார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்யாமல் விட்டேன்.